மார்ச் மாதத்து நான்கு விசாரணைகள்

"யோசிச்சு எழுதுங்க, நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வங்கியில் வீட்டுக் கடன் பார்க்கிற ரெஜினா மேடம் டிபன் பையோடு உள்ளே போய்விட்டார். மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளும் என் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையும் கிடக்கின்றன. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகளைப் பச்சை மையால் கட்டம் கட்டி வைத்திருக்கிறார். யோசித்து எழுத என்ன இருக்கிறது, எனக்குத் தெரியாது என்பதை எத்தனை விதமாக எழுத முடியும். மார்ச் பன்னிரண்டு. மார்ச் பதின்மூன்று. மார்ச் பதினைந்து. மார்ச் பத்தொன்பது. நான்கு நாள், நான்கு ஃபைனான்ஸ் கம்பெனி, நான்கு முறை வேதவல்லி எத்திராஜ் என்கிற நான் கடன் கேட்டிருக்கிறேன். முதலில் மூன்றரை லட்சம், மறுநாள் இரண்டரை, அப்புறம் ஒன்றரை, கடைசியில் ஐம்பதாயிரம். ஒருவரும் தரவில்லை. தராததால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று நினைத்தேன், வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். "அப்படி இல்லம்மா" என்றார் மேடம். "கடன் குடுத்தாங்களா இல்லையாங்கறது வேற. உங்க பேர்ல ஒருத்தர் கடன் கேட்டாலே அவங்க உங்க சிபிலைத் தோண்டிப் பாப்பாங்க. பாத்தது இங்க விசாரணைன்னு பதிவாயிடும். ஒரு வாரத்துல நாலு பேர் பாத்திருந்தா, இந்த அம்மாவுக்கு என்ன இவ்வளவு அவசரம்னு அஞ்சாவது ஆள் யோசிப்பான். இப்ப நாங்கதான் அந்த அஞ்சாவது ஆள்." பிப்ரவரியில் எழுநூற்று நாற்பத்தொன்றாக இருந்த ஸ்கோர் இப்போது அறுநூற்று எண்பத்தெட்டு. தலைமை அலுவலகத்துக்கு எழுநூறு வேண்டும். இல்லையென்றால் ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். இந்த அம்மாவுக்கு என்ன இவ்வளவு அவசரம். எனக்கு அவசரமே இருந்ததில்லையே. முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாக ஒரு வீடு வாங்க வந்திருக்கிறேன், திருமுல்லைவாயலில் ஒரே ஒரு படுக்கையறை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதற்கு இவ்வளவு நிதானமாக நடந்து வந்தவளை அவசரக்காரி என்று எழுதி வைத்திருக்கிறது இந்தக் காகிதம்.

இரண்டு வழி சொன்னார். நான்தான் கேட்டேன் என்றால் எதற்குக் கேட்டேன் என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கேட்கவில்லை என்றால் அதை எழுதி, சைபர் கிரைமில் புகார் கொடுத்து, அந்த ரசீது நகலை இதோடு வைக்க வேண்டும், அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், எந்த ஃபோனிலிருந்து கேட்டார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். நல்லதுதானே. கண்டுபிடிக்கட்டும். பேனா மூடியைத் திறந்தேன், அனுப்புநர் என்று எழுதப்போனேன், அப்போதே விரல் நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏ.சி. குளிர் கழுத்துப் பக்கமாக இறங்குகிறது. காத்திருக்கும் நாற்காலிகளில் யாருமில்லை, காவலாளி மட்டும் வாசல் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொள்கிறார். யாரிடமெல்லாம் பான் கார்டு நகல் கொடுத்தேன். ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடை, ஒன்றுக்கு இரண்டாக எடுத்து ஒன்றை அவனே வைத்துக்கொண்டிருப்பானா. ரோட்டோரம் குடை வைத்து சிம் விற்ற பெண், அவளிடம் ஆதார்தான் கொடுத்தேன். வீட்டுப் புரோக்கர் ஜெயசீலன்! ஆமாம் ஜெயசீலன், அவன் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை, வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டர் சிஸ்டர் என்பான், பான், ஆதார், சம்பளச் சீட்டு எல்லாம் அவனிடம்தான் இருக்கிறது. ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, திருடன் கிடைத்துவிட்டான், வெளியாள். ஆனால் அவனைப் பார்த்ததே ஏப்ரலில், தமிழ் வருஷப் பிறப்புக்கு மறுநாள். இது மார்ச். ஜெயசீலன் இல்லை. ஜெயசீலன் பாவம்.

அப்புறம் மேடம் போகிறபோக்கில் சொன்ன இன்னொன்று. "ஓடிபி இல்லாம இது நடக்காது. உங்க நம்பருக்கு வந்திருக்கும். யாராவது ஃபோன்ல கேட்டு நீங்க சொல்லியிருப்பீங்க." நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குள் ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள், காலை எட்டுக்கு லாக்கரில் வைத்துப் பூட்டினால் சாயங்காலம் ஆறேகாலுக்குத்தான் கையில் வரும். பன்னிரண்டும் பதின்மூன்றும் ஷிப்மெண்ட் நாட்கள், நன்றாக நினைவிருக்கிறது, ஏழாயிரம் சட்டை, காலரில் ஊசி தாவிய தையலாக வந்துகொண்டிருந்தது, பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. ஆகவே எட்டு மணிக்கு முன்னால். அல்லது ஏழு மணிக்குப் பின்னால். அந்த நேரத்தில் என் ஃபோன் வீட்டில் டி.வி. ஸ்டாண்டில் சார்ஜில் கிடக்கும், நான் அடுப்படியில் இருப்பேன். வீட்டில் மூன்று பேர். நான், மகள் மோனிஷா, அவர். மோனிஷா பதினோராம் வகுப்பு, அவளுக்கு எதற்கு மூன்றரை லட்சம், அந்த நினைப்பே அசிங்கம், அதைத் தாண்டி வேகமாகப் போய்விட வேண்டும். போனால் மிச்சம் ஒருவர்தான். "வேதா, என் ஃபோன்ல நெட் தீந்துடுச்சு, உன்னுது குடேன், நியூஸ் பாக்கணும்." அந்தக் குரல்தான். எத்தனை சாயங்காலம் அப்படிக் கேட்டார், ஈரக் கையோடு தலையை மட்டும் ஆட்டினேன். மெசேஜ் வந்ததே எனக்குத் தெரியாது, தெரியாமல் அழித்திருக்கிறார். அனுப்புநர் என்று எழுதப்போன விரலுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் ஜெராக்ஸ் கடை, குடை, ஜெயசீலன் என்று ஊரைச் சுற்றிவிட்டு வர வேண்டியிருந்தது.

ரம்மி. வேறென்ன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல் ஒரு நாள், கதவைத் தட்டிய இரண்டு பையன்கள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, "எத்திராஜ் வீடுதானே?" கீழ்வீட்டு அம்மாள் துணி காயப்போடுகிற சாக்கில் அங்கேயே நின்றாள். ஃபோனில் சீட்டாடி இரண்டு லட்சத்து எண்பதாயிரம், ஐந்து ஆப்பில் வாங்கி ஒன்றை அடைக்க இன்னொன்று. அப்போது அவர் கொரியர் கம்பெனியில் இருந்தார், வேலையும் போனது. என் தாலிச் சங்கிலியும் வளையலும் போனது, மஞ்சள் கயிற்றோடு கம்பெனிக்குப் போனபோது லைனில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காததுதான் சுட்டது. அன்றைக்கு அவர் மோனிஷா தலையில் கைவைத்து இனி தொடமாட்டேன் என்றார், அவள் தலையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு தண்ணி கேன் போடும் வேலை. குட்டியானை வண்டி முதலாளியுடையது, கேனுக்கு இவ்வளவு என்று கூலி, தினமும் கொண்டுவந்து அப்படியே என் கையில் கொடுத்துவிடுவார், ஏடிஎம் கார்டு என்னிடம். அவர் பேருக்கு இனி யாரும் பத்து ரூபாய் தரமாட்டார்கள், அதனால் என் பெயர். மூன்று மாதமாக ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு. எழுதிவிடுகிறேன். இந்த நான்கு விண்ணப்பங்களும் எனக்குத் தெரியாமல் என் கணவரால். எழுதினால் என்ன ஆகும். ஸ்டேஷனில் உட்காரவைப்பார்கள், பெஞ்சில், செருப்பைக் கழற்றச் சொல்லி. ஆகட்டுமே. ஆக வேண்டியதுதான். நேற்றுகூடச் சாப்பாட்டுத் தட்டை அவருக்கு முன்னால் வைத்தபோது "நீ சாப்ட்டியா" என்று கேட்டார், அந்தக் கேள்வியும் நடிப்பா. காவலாளி என்னைப் பார்க்கிறார், உதடு அசைந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. மூன்றரை, இரண்டரை, ஒன்றரை, ஐம்பதாயிரம். இறங்குகிறது. ரம்மிக்காரன் இறங்கமாட்டான். அந்த வருஷத்து ஸ்டேட்மெண்ட்டை வரிவரியாகப் பார்த்தவள் நான், முதலில் இரண்டாயிரம், அப்புறம் ஐந்து, அப்புறம் இருபது, விட்டதைப் பிடிக்க விட்டதைப் பிடிக்க என்று ஏறிக்கொண்டே போனது. இது அப்படியில்லை. இது ஏதோ ஒரு பெரிய தொகை வேண்டியிருந்த ஆள், கிடைக்காது என்று தெரியத் தெரிய, இதாவது, சரி இதாவது என்று கையைத் தாழ்த்திக்கொண்டே வந்த மாதிரி இருக்கிறது. பத்தொன்பதாம் தேதியோடு நின்றும்விட்டது. ரம்மிக்காரன் நிற்கவுமாட்டான். எட்டு நாள்தான். எட்டே நாள் ஒருவருக்கு என்னவோ வேண்டியிருந்திருக்கிறது, அப்புறம் வேண்டாமென்று ஆகிவிட்டது, அல்லது வேண்டாமென்று ஆக்கிக்கொண்டார். மார்ச்சில் என்ன நடந்தது. மார்ச் எட்டு மகளிர் தினம், கம்பெனியில் ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பாவும் ரோஜாவும் கொடுத்தார்கள், சனிக்கிழமை. ரோஜாவோடு வீட்டுக்கு வந்தேன், அவர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், அந்த நேரத்தில் படுக்கிறவர் இல்லை. "என்னாச்சு?" "கேஸ்." ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து குடித்தார். கேஸுக்கு ஏன் தோளைப் பிடித்தார் என்று நான் கேட்கவில்லை, கேன் தூக்குகிற தோள்தானே, வலிக்கும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றார். ஷிப்மெண்ட், என்னால் லீவு போட முடியவில்லை. "சும்மா ஒரு டெஸ்ட், நீ வந்து என்ன பண்ணப் போற" என்றார். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனார், அன்றைக்குச் சாயங்காலம் வந்தபோது கையில் ஒரு வெள்ளைக் கட்டு. "ரத்தம் எடுத்தாங்க."

ரத்தம் முழங்கை மடிப்பில் எடுப்பார்கள். அந்தக் கட்டு மணிக்கட்டில் இருந்தது. இப்போதுதான் தெரிகிறது. இல்லை, அப்போதும் தெரிந்தது, கண் பார்த்தது, மணிக்கட்டு, அகலமான பிளாஸ்டர், நடுவில் தடிமனாக. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை பார்க்கிற கண், தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எந்த மிஷினில் எந்தத் தையல்காரி தைத்தது என்று சொல்லிவிடும். பார்த்ததை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. மே மாதம் எங்கள் லைன் கஸ்தூரி, புருஷனுக்கு இதய அடைப்பு பார்க்கிற ஆஞ்சியோ டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து கேண்டீனில் உட்கார்ந்து சொன்னாளே, "இப்பல்லாம் தொடையில குத்தறதில்லக்கா, மணிக்கட்டுலயே விட்டுப் பாத்துடறாங்க, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடறாங்க." நான் எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன். அப்போதுகூட. பதினொன்று செவ்வாய் கட்டு, பன்னிரண்டு புதன் மூன்றரை லட்சம். வேண்டாம். இதை நான் இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுகிறேன், ரம்மி என்று நினைப்பதைவிட இது பரவாயில்லை என்பதற்காக மனசு தானே ஜோடிக்கிறது. பரவாயில்லையா. இது எப்படிப் பரவாயில்லை. பத்தொன்பதாம் தேதி ராத்திரி சாப்பிடும்போது சொன்னாரே, சாதாரணமாக, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "டாக்டரைப் பாத்தேன் வேதா. ஆபரேஷன்லாம் வேணாமாம், மாத்திரையே போதும்னுட்டார்." எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது, பெருமாளே என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாதம் போட்டேன். ஆபரேஷன் என்ற வார்த்தையை அதுவரை அந்த வீட்டில் யாருமே சொல்லவில்லை. கேஸ் என்றார், டெஸ்ட் என்றார், கொழுப்பு என்றார். யாரும் வேண்டுமென்று சொல்லாத ஆபரேஷனை எதற்கு வேண்டாமென்றார். நான் அந்த வாக்கியத்தில் போதும் என்பதை மட்டும் கேட்டேன்.

போன வருஷம் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மைசூர்பாகு வாங்கி லைன் முழுக்கக் கொடுத்தேன். சம்பளம் இருபத்தோராயிரத்தைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. நின்றுபோகும் என்று ஆபீசில் சொன்னார்கள், போகட்டும், யாருக்கு என்ன வியாதி என்றேன். அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்கும் என் சம்பளம் அதிகம். அவர் எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் என் சம்பளச் சீட்டு முன்னால் வந்து நின்றிருக்கும். பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே, அங்கே இலவசமாகச் செய்வார்களே. போனால் அட்மிட் ஆக வேண்டும், என்னிடம் சொல்ல வேண்டும். ஏன் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி நான் இருந்தேனா. இரண்டு வருஷமாக அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் தடவித்தான் போடுகிறேன், அவர் எதிரிலேயே. பெட்டிக்கடையில் டீ குடித்தாலும் பத்து ரூபாய் குறைகிறதே என்பேன். அப்புறம் ஏப்ரல். வீடு வாங்கிவிடலாம் என்று ஆரம்பித்தது நான் இல்லை, அவர்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, மனுஷன் திருந்திவிட்டார் என்று கஸ்தூரியிடம் சொன்னேன். "உன் பேர்லயே வாங்கிடு வேதா. என் பேரே எதுலயும் வேணாம். நாளைக்கு உன்னையும் பாப்பாவையும் யாரும் எழுந்திரின்னு சொல்லக் கூடாது." நாளைக்கு என்றார். மாதாமாதம் நான் கட்டிவந்த சீட்டுப் பணம் ஒரு லட்சம் வந்தது, அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அந்த ஒரு லட்சத்தைப் பிடித்துக்கொண்டு என்ன நினைத்திருப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. திறக்கவில்லை. கொண்டுபோய் ஜெயசீலன் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வந்து எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். மணி இரண்டே கால். இந்நேரம் பாடி ஏரியாவில் கேன் போட்டுக்கொண்டிருப்பார். லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டுகள்தான் அவருக்கு, மூன்று மாடி, நாலு மாடி, ஒரு கேன் இருபது லிட்டர், ஒரு நாளைக்கு அறுபது கேன். மார்ச், ஏப்ரல், மே, இது ஜூன். தினமும். நான் இங்கே குளிரில் உட்கார்ந்துகொண்டு.

ஃபோனை எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். மறுபடி. நின்றது. கேனைத் தோளில் வைத்திருப்பார், எப்படி எடுப்பார். யாராவது எடுத்து, இந்த ஃபோன்காரர் யாரும்மா உங்களுக்கு என்று கேட்டால். ஏன் அப்படி நினைக்கிறேன். மூன்றாவது முறை எடுத்தார், பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும், மரத்தை அறுக்கிற ரம்பம் மாதிரி.

"சொல்லு வேதா. லோன் ஆயிடுச்சா?"

"எங்க இருக்கீங்க?"

"கிருஷ்ணா ஃபிளாட்ஸ். மாடி ஏறிட்டிருக்கேன். என்ன விஷயம்?"

"கேனைக் கீழ வைங்க."

"மூணாவது மாடிக்கு. குடுத்துட்டுப் பண்றேன், வை."

"அங்கயே கீழ வைங்க. உக்காருங்க. ஒரு படி ஏறக் கூடாது. நான் வர்றேன்."

அந்தப் பக்கம் கேன் தரையில் பட்ட சத்தம், உள்ளே தண்ணீர் புரண்ட சத்தம். "எதுக்கு?" என்று அவர் கேட்கவில்லை. அதுதான் என்னை எழுப்பி நிற்க வைத்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் ரெஜினா மேடம் கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி எதிரே வருகிறார். "எழுதிட்டீங்களா?" "இல்ல மேடம்." "யாருன்னு தெரிஞ்சுதா?" "தெரிஞ்சிடுச்சு." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கம்ப்ளெயின்ட் குடுக்கறீங்களா?" "யார் மேல குடுக்கறது மேடம்" என்றேன், பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிவிட்டேன். ஆட்டோக்காரர் நூற்றைம்பது என்றார், சரி என்றேன். சிக்னலில் நின்றபோது அவர் யாருடனோ ஃபோனில் கோழி விலை பேசினார், பச்சை விழுந்தும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் எடுத்தார். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம், அழலாம், கன்னத்தில் அறையலாம். திட்டுவதற்குச் சேர்த்து வைத்ததெல்லாம் ரம்மிக்கானது, அது எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது நல்லதாக ஒரு நினைப்பு வந்தது, ஒருவேளை நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருக்கும், ரம்மியாகவே இருக்கும். ரம்மியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கேன். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது, எதிர்ச் சுவரில் இருந்த மின்சார மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு படி கீழேயே நின்றேன்.

"எத்தனை அடைப்பு?"

என்னைப் பார்க்கவில்லை. "மூணு" என்றார். "பேங்க்ல காட்டுதா அது?" என்று கேட்டார்.

"நீங்க கேட்டது காட்டுது."

"குடுக்கலயே யாரும். குடுக்காதது எப்படிக் காட்டும்?" உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அதனால் லோனுக்குக் கெடுதலா என்று கேட்டார். விளக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவராகவே, மீட்டர்களிடம் சொல்வதுபோல் சொன்னார். "ஆப்புல எல்லாம் போட்டேன். கடைசியில உன் மூஞ்சியைக் காட்டச் சொல்லுச்சு. நீ தூங்கறப்ப ஃபோனை உன் முகத்துகிட்ட வச்சேன். கண்ணைத் திறந்து சிமிட்டணுமாம். அதோட நின்னுபோச்சு. தொகையைக் குறைச்சுப் போட்டா மூஞ்சி கேக்காதுன்னு நெனச்சேன். ஐம்பதாயிரத்துக்கும் கேட்டுச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்ப." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "அதான் கேக்கல."

மேலேயிருந்து ஒரு பெண் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். "தண்ணி! எவ்வளவு நேரம்ப்பா?" அவர் உடனே கையை ஊன்றி எழுந்தார், பழக்கம், உடம்பு தானாக எழுந்தது. தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன், எலும்பு கையில் பட்டது. கேனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். இருபது லிட்டர் என்றால் இவ்வளவா. இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். ஐந்தாவது படியில் கை நழுவியது, எட்டாவது படியில் மூச்சு வாய்க்கு வந்தது, எனக்கு அடைப்பு ஒன்றும் இல்லை. இரண்டாவது மாடியில் இறக்கி வைத்து, "ஏங்க" என்று கூப்பிட்டேன். கீழேயிருந்து "ம்" என்றார். மறுபடி தூக்கினேன். பாதியில், "ஏங்க." "ம்." நாளைக் காலை ஐந்து மணிக்குப் பெரியாஸ்பத்திரி என்று நினைத்தேன், ஏன் நாளை, இன்றைக்கே, இப்போதே, அவசரப் பிரிவில் உட்கார வைத்துவிட்டால் துரத்தமாட்டார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வேண்டும், ஜெயசீலன் சிஸ்டர் சிஸ்டர் என்று கையை விரிப்பான், விரிக்கட்டும், அவன் வீட்டு வாசலில் உட்காருவேன். மூன்றாவது மாடி. கதவருகில் நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவர் வரலையா? உள்ள வந்து மாட்டிக் குடுத்துடுங்க, என்னால தூக்க முடியாது." உள்ளே டி.வி. அலறிக்கொண்டிருந்தது, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்து "ஏங்க" என்று கத்தினேன். மிக்ஸிதான் கேட்டது. இன்னொரு முறை கத்தினேன். ஒன்றும் வரவில்லை. கேனை அவள் வாசற்படியிலேயே போட்டுவிட்டு இறங்கினேன், ஓடினேன், கைப்பிடிச் சுவரில் தோள் இடித்தது, நாற்பது படிக்குள் நான் மனசுக்குள் அவரை எத்தனை முறை சுடுகாட்டில் எரித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். தொட்டேன். திறந்தார்.

"கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் மெதுவாக. "பேச முடியல, அதான்."

"எழுந்திருங்க. போலாம்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"வண்டியில இன்னும் பதினாறு கேன் இருக்கு. ஓனர் வையுவான்."

"வையட்டும்."

மேலே அந்தப் பெண் கேனை மாட்டாமல் போகிறார்களே என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். இரண்டு வருஷத்தில் என்மேல் அவர் சாய்ந்ததில்லை, இப்போதும் முதலில் சாயவில்லை, தன் காலிலேயே நிற்கப் பார்த்தார், முடியாமல் பிறகு சாய்ந்தார். ஒரு படி இறங்கினோம். நிற்கணும் என்றார். நின்றோம். மூச்சு வாங்கிக்கொண்டார். அடுத்த படிக்கு என்னிடம் கேட்காமல் அவராகவே காலை எடுத்து வைத்தார்.